டோம், குறும்பித் தடுப்பு, குழாய்: செவித்துணைக் கருவியின் சிறு பாகங்கள் ஒலியை எவ்வளவு மாற்றுகின்றன?

வலக்காது எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக இரு காதுகளிலும் செவித்துணைக் கருவி அணிந்து வருகிறேன். கருவியின் உடல் காதுக்குப் பின்னால் இருக்கும். அதிலிருந்து வரும் மெல்லிய கம்பியின் முனையில் உள்ள ரிசீவர், அதாவது ஒலியை எழுப்பும் சிறு ஒலிபெருக்கி, காதுத் துவாரத்துக்குள் அமரும். தாழ்ந்த ஒலிகள் எனக்கு ஏறக்குறைய இயல்பாகவே கேட்கும். 2000 ஹெர்ட்சுக்கு மேல்தான் செவித்திறன் செங்குத்தாகச் சரிகிறது.

நான்கு மாதங்களுக்கு முன்பு வலக்காதில் பேச்சு மங்கத் தொடங்கியது. ஒரே நாளில் நிகழ்ந்திருந்தால் கருவியில் பழுது என்று உடனே கண்டிருப்பேன்; நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடியதால், என் செவித்திறன்தான் குறைந்து வருகிறது என்று நம்பிவிட்டேன். ஒலியின் அளவு குறைந்ததாகத் தோன்றவில்லை, எழுத்துகள்தான் தேய்ந்தன. 'காசு' என்றால் 'காது' என்று விழுந்தது. கருவியைப் பொருத்திய நிலையத்தில் செவித்திறனைச் சோதித்துவிட்டு, பழைய அளவிலிருந்து மாற்றம் இல்லை என்றார்கள். இருந்தும் என் குறையைக் கேட்டு, கணினியில் உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கூட்டினார்கள். கருவி அவ்வப்போது விசில் அடிக்கத் தொடங்கியதே தவிர, பேச்சுத் தெளியவில்லை. அந்த மாதங்களில் நான்கு பேர் கூடும் இடங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் என் மகன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ரிசீவரின் முனையைப் பார்த்தான். அங்கிருக்கும் வெள்ளை வலைத் தடுப்பு, காதுக் குறும்பி படிந்து பழுப்பாக மாறியிருந்தது. அதை மாற்றிய உடனே ஒலி திரும்பியது. ஆனால் இரண்டு முறை கூட்டி வைத்த நிரல் அப்படியே இருந்ததால், தட்டு வைக்கும் ஓசைகூடக் காதைக் குத்தியது. அதே வேளையில் ரிசீவரின் முனையில் குடைபோல் மாட்டும் பழைய டோம் கிழிந்துவிட்டதால், பெட்டியில் கிடந்த இரட்டை அடுக்கு டோமை மாட்டினேன். இப்போது என் குரல் எனக்கே பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கிறது.

குன்றிமணி அளவுகூட இல்லாத ஒரு வலையும், ஒரு சிலிக்கோன் குடையும் இவ்வளவு செய்யும் என்றால், அவை எப்படிச் செய்கின்றன என்பதை அறிய விரும்புகிறேன்.

---

செவிநுட்பம் எழுதியது:

வணக்கம், ஐயா. நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் வல்லுநர். நீங்கள் சொன்ன வரலாற்றை வேறு வேறு வடிவங்களில் பலரிடம் கேட்டிருக்கிறேன். நான்கு மாதங்கள் வீணாயின என்பதைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. மங்கலான ஒலி என்ற புகாருடன் ஒருவர் வந்தால், கணினியைத் திறப்பதற்கு முன் குறும்பித் தடுப்பை மாற்றிப் பார்ப்பதே முறை.

முதலில் அந்த வலையைப் பற்றி. ரிசீவரிலிருந்து வரும் ஒலி, அலையலையாக அசையும் காற்றுதான். அது போகும் வழியில் உள்ள வலையின் கண்கள் சுருங்கினால், காற்றசைவுக்கு உராய்வுத் தடை கூடுகிறது. ரிசீவரும் அதன் முன்னுள்ள சிறு வாயும் சில அதிர்வெண்களில் இயல்பாகவே ஒத்ததிர்ந்து ஒலியை உயர்த்தித் தரும். உங்கள் நிரல் அந்த உயரங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டே அமைக்கப்பட்டது. பாதி அடைபட்ட வலை அந்த உச்சங்களைத்தான் முதலில் மழுக்குகிறது. அவை பெரும்பாலும் மெய்யெழுத்துகளின் தெளிவு இருக்கும் பகுதியில் உள்ளவை. 'ஸ்' ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. உயிரொலிகளின் வலிமையோ 1000 ஹெர்ட்சுக்குக் கீழே நிறைந்திருக்கிறது. ஆகவே சத்தம் இருப்பதாகவே தோன்றும், சொல் மட்டும் உருவிழக்கும். 'காசு' என்பதில் சகரத்தின் சீறல் போய்விட்டால் எஞ்சுவது 'காது' என்பதற்கு நெருங்கியதுதான்.

அடுத்து டோம். இதன் பணி ரிசீவரைப் பிடித்து வைப்பது மட்டும் அன்று. காதுக் குழாயை எவ்வளவு மூடுவது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. துளைகள் உள்ள திறந்த டோம், தாழ்ந்த ஒலிகளை இரு திசையிலும் தாராளமாக விடுகிறது: வெளியுலகின் தாழ்ந்த ஒலி கருவியைத் தொடாமல் நேராக உள்ளே வரும், கருவி தரும் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும். உங்களுக்குத் தாழ்ந்த ஒலி இயல்பாகக் கேட்பதால் இது மிகவும் பொருத்தமானது. இரட்டை அடுக்கு டோம் இதற்கு நேர்மாறு. தாழ்ந்த ஒலியும் கேளாதவர்களுக்காக, அவற்றை உள்ளேயே அடைத்து வைக்கச் செய்யப்பட்டது.

பானைக்குள் பேசுவது போன்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்றால், நாம் பேசும்போது குரல் தாடை வழியாகக் காதுக் குழாயின் வெளிப்பாதியில் உள்ள குருத்தெலும்புச் சுவரையும் அதிரச் செய்கிறது. காது திறந்திருந்தால் அந்த அதிர்வு வெளியே போய்விடும். வாயிலை மூடினால் அது உள்ளேயே தங்கி, 500 ஹெர்ட்சுக்குக் கீழே 20 டெசிபெல் வரைகூடச் சொந்தக் குரலை உயர்த்திவிடும். ஒரு சோதனை செய்து பாருங்கள். கருவியை அணைத்துவிட்டுக் காதில் வைத்தபடியே 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள், பிறகு 'ஆ' என்று சொல்லுங்கள். அணைத்த நிலையிலும் 'ஈ' குடைந்தாற்போல் முழங்கினால், காரணம் டோம்தான், நிரல் அன்று. ஈகாரத்திலும் ஊகாரத்திலும் தாழ்ந்த பகுதியின் ஆற்றல் ஆகாரத்தைவிட மிகக் கீழே குவிந்திருப்பதால் அவை கூடுதலாக முழங்கும்.

---

அலைநீளம் எழுதியது:

நான் இக்கருவியை அணிபவன் அல்லன். மின்னணு ஒலிக்கருவிகள் வடிவமைப்பவன். என் தாயார் அணிவதால் இந்த இழையைப் படிக்கிறேன். மரியாதையுடன் ஓர் ஐயம். இன்றைய கருவிகளில் ஒலியைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. அப்படியானால் டோம் எதைத் தின்றதோ அதை நிரல் திருப்பிக் கொடுக்கலாம் அல்லவா? சிறு பாகங்களுக்கு நாம் அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தருகிறோமோ என்று தோன்றுகிறது.

---

செவிநுட்பம் எழுதியது:

நல்ல கேள்வி. ஓர் எல்லை வரை நிரல் ஈடுசெய்யும். அதனால்தான் பொருத்தும் மென்பொருள் எந்த டோம், எந்த அளவு, காற்றுத்துளை எத்தனை மில்லிமீட்டர் என்று முதலிலேயே கேட்கிறது. ஆனால் அந்த எல்லை விரைவில் வந்துவிடுகிறது.

திறந்த டோமில் தாழ்ந்த ஒலி 20 டெசிபெல் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட ரிசீவர் பத்து மடங்கு ஒலியழுத்தத்தை உண்டாக்க வேண்டும். ஆர்மேச்சர் என்னும் மிகச் சிறிய அசையும் பாகம் கொண்ட அந்த ரிசீவர் அதற்குள் தன் உச்ச வரம்பைத் தொட்டுவிடும். ஒலி கரகரக்கும், மின்கலமும் விரைவில் தீரும். இரண்டாவதாக, கசியும் ஒலி வெளியே உள்ள மைக்ரோஃபோனை மீண்டும் அடைந்து சுற்றத் தொடங்கினால் விசில் பிறக்கிறது. கருவி அதை அடக்க முயலும்போது சில வேளைகளில் பேச்சின் ஒலியையும் சேர்த்தே கெடுக்கிறது. ஐயாவின் வலக்காதில் நிகழ்ந்தது அதுவே. உயர் அதிர்வெண்களைக் கூட்டியது வலையைத் தாண்டிப் பயன் தரவில்லை, விசிலின் வாசலைத்தான் நெருங்கச் செய்தது. மூன்றாவதாக, அடைப்பினால் முழங்கும் சொந்தக் குரலைக் கருவி உண்டாக்கவில்லை. எலும்பும் குருத்தெலும்பும் உண்டாக்குகின்றன. தான் உண்டாக்காத ஒலியைக் கருவியால் எப்படிக் குறைக்க முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டோம் எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பதும் ஒலியின் பகுதிதான். ரிசீவருக்கும் செவிப்பறைக்கும் இடையே எஞ்சும் காற்றின் கன அளவு பாதியானால், மூடிய பொருத்தத்தில் ஒலியழுத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். அளவு சிறிய டோம், மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் நழுவி வெளியே வரும். காலையில் தெளிவாகக் கேட்டது மாலையில் மங்கியது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது டோமின் அளவையே. திறந்த காதுக் குழாய்க்கு 2700 ஹெர்ட்சை ஒட்டி இயற்கையாகவே ஓர் ஒத்ததிர்வு உண்டு. அது பேச்சுக்கு 15 டெசிபெல் அளவுக்குத் துணை நிற்கிறது. குழாயை இறுக மூடினால் அதையும் இழக்கிறோம். கருவி அந்த இழப்பையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பழைய இடத்துக்காவது வந்து சேர்வோம்.

---

இளந்தென்றல் எழுதியது:

என் மகளுக்கு வயது ஏழு. காதுக்குப் பின்னால் அணியும் வலிமையான கருவி, காதை அச்சு எடுத்துச் செய்து காதுக்குள் பொருத்தும் இயர்மோல்டு, இரண்டையும் இணைக்கும் பிளாஸ்டிக் குழாய். மேலே பேசப்படும் டோமும் வலையும் இவளுக்கு இல்லை. ஆனால் சிறு பாகத்தின் கொடுமையை நாங்கள் வேறு வகையில் அறிந்தோம்.

ஒரு மழைக்கால வாரம் முழுவதும், வகுப்பில் அழைத்தால் திரும்பவில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். வீட்டில் மட்டும் நன்றாகக் கேட்டாள். பிறகுதான் புரிந்தது: காதுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று, வெளியே குளிர்ந்திருக்கும் குழாயின் சுவரில் நீர்த்துளியாகப் படிகிறது. ஒரே ஒரு துளி குழாயின் குறுக்கே நின்றால் போதும், ஒலி அறுந்து அறுந்து வரும். பிறகு நின்றே போகும். வீடு வந்து கருவியைக் கழற்றி வைத்தால் துளி காய்ந்துவிடும், மறுபடி கேட்கும். கருவியிலிருந்து மோல்டைக் கழற்றி, ரப்பர் ஊதியால் குழாய்க்குள் காற்றை அடித்தால் துளி தெறித்து வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அன்று முதல் காலையும் மாலையும் அதைச் செய்கிறோம்.

குழாய் நாளடைவில் மஞ்சளாகி விறைக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது. விறைத்த குழாய் மோல்டை இழுத்து இழுத்துக் காதில் சரியாக அமர விடாது. இடைவெளி வழியே ஒலி கசிந்து விசில் அடிக்கும். குழந்தையின் காது வளர வளர மோல்டும் தளர்கிறது. மோல்டு தளர்ந்த நிலையில் விசிலை நிறுத்த ஒலியைக் குறைத்து வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்; நானும் இரண்டு வாரம் அப்படிச் செய்தேன். மொழி கற்கும் வயதில் அந்த இரண்டு வாரத்தை அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நாள்தோறும் காலையில் ஆறு ஒலிகளைச் சொல்லி அவளைத் திருப்பிச் சொல்லச் செய்கிறேன்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் வகுத்த சோதனை அது. என் வாயைக் கையால் மறைக்காமல், அவளுக்குப் பின்னால் நின்று சொல்ல வேண்டும். வாயை மறைத்தால் ஒலியே மாறிவிடும். 'ம்' தாழ்ந்த முனையிலும் 'ஸ்' உயர்ந்த முனையிலும் இருப்பதால், எது தவறுகிறதோ அதிலிருந்து குறை எங்கே என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

---

பணிமேசை எழுதியது:

நான் கருவிகளைப் பழுது பார்ப்பவன். 'ஒலி சரியில்லை' என்று எழுதி வரும் கருவிகளில் மின்சுற்று நலமாகவே இருந்து, வழிதான் அடைபட்டிருக்கும் கருவிகளை நிறையப் பார்க்கிறேன். சகோதரி குழாயைப் பற்றி எழுதியதோடு கொக்கியையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

காதின் மேல் வளைந்து அமரும் கொக்கியும் குழாயும் மோல்டின் துளையும் சேர்ந்து ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே குழலாகின்றன. அந்த நீளமுள்ள குழல் 1000 ஹெர்ட்சை ஒட்டியும், அதன் ஒற்றைப்படை மடங்குகளான 3000, 5000 ஹெர்ட்சை ஒட்டியும் ஒத்ததிரும். அப்படியே விட்டால் அந்த இடங்களில் ஒலி முட்களைப்போல் எழுந்து நிற்கும். குரல்கள் உலோகத் தன்மை பெறும். அந்த முட்களை மழுக்கவே பல கொக்கிகளுக்குள் டாம்பர் என்னும் சிறு வலைத்துண்டு வைக்கப்படுகிறது. தடையின் அளவுக்கு ஏற்ப அதற்கு நிறங்கள் உண்டு. 1500 ஓம் (இங்கே ஒலித்தடையின் அலகு) டாம்பர் பச்சை நிறம். ஈரமும் தூசும் இந்த வலையில் சேர்ந்தால், வலக்காது ஐயாவின் குறும்பித் தடுப்புக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். உடைந்த கொக்கிக்கு மாற்றாக டாம்பர் இல்லாத கொக்கியை மாட்டிவிட்டு, 'ஒலி கூர்மையாகிவிட்டது' என்று கருவியைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. இரண்டு கொக்கிகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

குழாயின் உள்விட்டமும் முக்கியம். வழக்கமான பருத்த குழாயின் உள்விட்டம் 1.93 மில்லிமீட்டர், மெல்லிய குழாயினுடையது 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. குறுகிய வழியில் சுவரின் உராய்வு கூடி உயர் அதிர்வெண்கள் தேய்கின்றன. மாறாக, மோல்டுக்குள் குழாயின் முனையை 4 மில்லிமீட்டர் வரை கொம்புபோல் விரித்தால் உயர் அதிர்வெண்கள் எளிதாக வெளிப்படுகின்றன. மின்சாரம் ஒரு துளியும் கூடுதலாகச் செலவாகாமல் கிடைக்கும் தெளிவு அது. காதுக் குழாய் அகலமாக உள்ளவர்களுக்கு இதை இப்போதும் செய்து கொடுக்கலாம். குறைவாகவே செய்கிறார்கள் என்பது என் மனக்குறை.

மைக்ரோஃபோனின் வாய்களை யாரும் குறிப்பிடவில்லை. பெரும்பாலான கருவிகளில் முன்னொன்று, பின்னொன்று என இரண்டு இருக்கும். இடையே 10 மில்லிமீட்டர் இருந்தால், முன்னிருந்து வரும் ஒலி ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 30 பங்குதான் ஆகும். அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே கருவி முன்னிருந்து வருவதையும் பின்னிருந்து வருவதையும் பிரிக்கிறது. ஒரு வாயில் தலைமுடிச் சாயமோ முகப்பவுடரோ படிந்தால், அமைதியான அறையில் எதுவும் தெரியாது. கூட்டத்தில் மட்டும் எதிரில் இருப்பவரின் பேச்சு இரைச்சலில் மூழ்கிவிடும். நோயாளி குழம்புகிறார், நிரல் பார்ப்பவரும் குழம்புகிறார். தயவுசெய்து அந்த வாய்களில் ஊசியை விடாதீர்கள். உலர்ந்த மென்தூரிகை போதும், கருவியைத் தலைகீழாகப் பிடித்துத் துடைத்தால் தூசு உள்ளே விழாது.

---

வலக்காது எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அணைத்து வைத்து 'ஈ' சொல்லிப் பார்த்தேன், அப்படியே முழங்கியது. திறந்த டோமுக்கு மாறியதும் நின்றுவிட்டது. ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. திறந்த டோமில் பேச்சு இயல்பாக இருக்கிறது. இசை கேட்கும்போது மட்டும் ஒலி சற்றுச் சுரங்கத்திலிருந்து வருவதுபோல் சாயம் ஏறிக் கேட்கிறது. மூடிய டோமில் அந்தச் சாயம் இல்லை. இதுவும் பாகத்தின் வேலையா?

---

அலைநீளம் எழுதியது:

இதற்கு நானே விடை சொல்லலாம். சொல்லும்போது என் முந்தைய கருத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கருவி ஒலியை எண்களாக்கிக் கணக்கிட்டுத் திரும்பத் தரச் சில மில்லிநொடிகள் ஆகின்றன. 5 மில்லிநொடி என்று கொண்டால், திறந்த டோமின் வழியே நேராக நுழைந்த ஒலியும், 5 மில்லிநொடி பிந்திய கருவியின் ஒலியும் செவிப்பறையில் கலக்கின்றன. 100, 300, 500 ஹெர்ட்ஸ் என 200 ஹெர்ட்ஸ் இடைவெளிகளில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. நடுவே உள்ளவற்றில் ஒன்றையொன்று கூட்டுகின்றன. வரைந்து பார்த்தால் சீப்பின் பற்களைப்போல் இருக்கும். இரண்டு ஒலிகளும் ஏறத்தாழச் சம வலிமையில் இருக்கும் பகுதியில்தான் இது காதுக்குத் தெரியும். உங்கள் செவித்திறனைப் பார்க்கும்போது, அது 1000 ஹெர்ட்சுக்கும் 2000 ஹெர்ட்சுக்கும் இடையில் இருக்கலாம். பேச்சில் சொல்லைத் தேடும் மனம் இதைப் பொருட்படுத்தாது. நீண்டு ஒலிக்கும் சுரத்தில் உடனே தெரிந்துவிடும். டோமை மூடினால் நேரடி ஒலி தடைபடுகிறது, கலக்க இரண்டாவது ஒலி இல்லை, சாயமும் இல்லை.

இதை நிரலால் முழுவதும் தீர்க்க வழி தெரியவில்லை, ஏனென்றால் நேரடி ஒலி நிரலின் கைக்குள் இல்லை. டோம்தான் அதற்கு வாசல் திறக்கிறது.

---

செவிநுட்பம் எழுதியது:

ஆம். இசைக்கென்று தனி நிரல் அமைத்து, அந்த நடுப்பகுதியில் கருவியின் பங்கைக் குறைத்தால் நேரடி ஒலி மேலோங்கி, சாயம் ஓரளவு மறையும். முழு மூடலுக்கும் முழுத் திறப்புக்கும் இடையே, அச்சு எடுத்துச் செய்த மோல்டில் 2 மில்லிமீட்டர் காற்றுத்துளை வைப்பது என்ற வழியும் உண்டு. ஆனால் உங்களுக்குச் சொந்தக் குரல் மீண்டும் முழங்கலாம். எதைப் பொறுத்துக்கொள்வது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எதைச் செய்தாலும் முன்பு இரண்டு முறை கூட்டியதை முதலில் நீக்கச் சொல்லுங்கள். பிறகு மெல்லிய அளவீட்டுக் குழாயைச் செவிப்பறைக்கு அருகில் வைத்து, அங்கே உண்மையில் என்ன ஒலி சேர்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். டோமின் பெயரைத் திரையில் தேர்ந்தெடுப்பது சராசரிக் காதை வைத்துச் செய்யும் ஊகம். உங்கள் காதில் அது எப்படி அமர்கிறது என்பது அளந்தால்தான் தெரியும்.

---

வலக்காது எழுதியது:

நேற்று அளந்தார்கள். புதிய தடுப்புடன், நிரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, இடக்காதில் அளந்த ஒலியின் வரைகோடு, என் செவித்திறனுக்கு வேண்டிய இலக்குக் கோட்டை ஒட்டிச் சென்றது. வலக்காதின் கோடு 3000 ஹெர்ட்சுக்கு மேல் தாழ்ந்தே இருந்தது. என் வலக்காதுக் குழாய் இடக்காதுக் குழாயைவிட அகலம் என்றும், இரு பக்கமும் ஒரே அளவு டோம் மாட்டியிருந்ததால் வலப்பக்கம் ரிசீவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் வாய் காதுக் குழாயின் சுவரைப் பார்த்து நின்றது என்றும் கண்டார்கள். வலக்காதுக்கு ஓர் அளவு பெரிய திறந்த டோமை மாட்டி மீண்டும் அளந்தார்கள். கோடு மேலே எழுந்தது. நிரலில் எதையும் தொடவில்லை.

இரண்டு டோம்களும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. சுத்தம் செய்யும்போது மாறிவிடாமல் இருக்க என்ன செய்வது?

---

பணிமேசை எழுதியது:

கம்பியில் பாருங்கள், ஐயா. வலக்காதுக்குச் சிவப்புக் குறி, இடக்காதுக்கு நீலக் குறி இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கருவியின் டோமை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மாட்டியதும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சரியாகப் பூட்டாத டோம் காதுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். அப்படித் தங்கிவிட்டால் நீங்களே எடுக்க முயலாமல் காது மருத்துவரிடம் செல்லுங்கள்.